பொன்னாடைக்குள் தூங்கிப்போகும் பார்வையாளர்கள்

மலேசியாவின் பத்தாங் பெர்ஜுந்தை பக்கம் ஒரு தோட்ட மண்டபத்தில், மூன்று நான்கு வயதுப் பிள்ளைகளுக்கு நாங்கள் முதன்முதலில் நாடகம் போட்டபோது செய்யாத தவறு இல்லை. பத்து மணிக்கு நாடகம் என்று அழைத்திருந்தோம். வரவேற்புரை, தலைமையுரை, மாலை, பொன்னாடை, நன்கொடையாளர் பட்டியல் எல்லாம் முடிந்து திரை விலகியபோது மணி பதினொன்று. பாதிப் பிள்ளைகள் தாய் மடியில் தூங்கிவிட்டார்கள். மீதிப் பேருக்குப் பசி. பொன்னாடை போர்த்தியே தீர வேண்டுமென்றால் நாடகம் முடிந்த பிறகு போர்த்துங்கள்.

அடுத்தது ஒலிபெருக்கி. திருவிழாவுக்குக் கட்டும் பெட்டிகளையே கொண்டுவந்து வைத்தோம். அரக்கன் வாயைத் திறந்ததும் ஒரு பையன் அழுதான். அவனைப் பார்த்து வரிசையே அழுதது. இந்த வயதுக்கு மேடையும் வேண்டாம், மைக்கும் வேண்டாம். பாய் விரித்து, முப்பது பிள்ளைகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். விளக்கை முழுக்க அணைக்காதீர்கள். அம்மாவின் முகம் தெரியும்வரைதான் குழந்தைக்குத் தைரியம். அரைமணி நேரம் தாராளம்.

"இவ்வளவு சின்னதுக்கு என்ன புரியும்?" என்று கேட்பவர்கள் இங்கே நிறைய. இத்தாலியின் பொலோன்யா நகரில் லா பராக்கா குழு 1980களிலிருந்தே குழந்தைக் காப்பகப் பிள்ளைகளுக்காக நாடகம் போட்டு வருகிறது. தோட்டத்தில் வேலைக்குப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுச் செல்லும் நம் ஆயாக் கொட்டகைக்கு நாடகக்காரர்கள் போவது போலத்தான். கலைகளில் பங்கேற்பது குழந்தையின் உரிமை என்கிறது 1989இன் ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையின் 31ஆவது பிரிவு. மலேசியாவும் 1995இல் அதில் இணைந்தது. பெரியவனான பிறகு என்று அதில் எழுதியிருக்கவில்லை.

இவ்வளவு சின்னதுக்கும் புரியும் என்று எனக்குத் தெரிந்தது இரண்டாவது நாடகத்தில். பால் டின்னுக்குள் ரப்பர் கொட்டைகளைப் போட்டு மழைச் சத்தம் எழுப்பினோம். இரண்டு வயதிருக்கும் ஒரு சிறுமி தவழ்ந்து வந்து டின்னில் காதை வைத்தாள். ஆசிரியை அவளைத் தூக்கப் போனார். அதுவும் ஒரு தவறுதான். நல்லவேளை, யாரோ கையைப் பிடித்து நிறுத்தினார்கள். நடிகை ஒருமுறை குலுக்கிவிட்டுக் காத்திருந்தார். சிறுமி தரையைத் தட்டினாள். நடிகை மீண்டும் குலுக்கினார். அவள் இருமுறை தட்டினாள். டின்னும் இருமுறை பதில் சொன்னது. இரண்டு நிமிடம் கதை நின்றுபோனது. "தொடருங்கள்" என்று ஓரத்திலிருந்து நான் கையசைத்துக்கொண்டிருந்தேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. தன் தட்டலுக்காக ஒரு பெரிய மனுஷி காத்திருக்கிறாள் என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது. எந்தக் கைப்பேசிக் காணொளியும் அப்படிக் காத்திருக்காது.

முடிந்ததும் "கதையின் நீதி என்ன?" என்று கேட்காதீர்கள். பத்து நிமிடம் பொருள்களைத் தொட்டுப் பார்க்க விடுங்கள். ஆனால் டின் மூடியை நாடா சுற்றி இறுக்கிவிடுங்கள். ரப்பர் கொட்டை குழந்தையின் தொண்டையில் சிக்கலாம். பச்சைக் கொட்டையில் நஞ்சும் உண்டு. நாங்கள் மூடியைச் சும்மா அழுத்தி மட்டும் வைத்திருந்தோம்.