நெட்டு புடிக்கவும் இல்ல, விடவும் முடியல: இப்படி இருக்கறவங்க போன எப்படி வெச்சுக்கறது

முதல்லயே சொல்லிடறேன், இது போன் யூஸ் பண்ணத் தெரியாதவங்களுக்கு எழுதினது இல்ல. தெரியும், ஆனா மனசு ஒப்பலன்னு இருக்காங்களே அவங்களுக்கு. நானும் அந்தக் கூட்டம்தான். தூரத்துல இருக்கற அக்கா முகத்த வீடியோ கால்ல பாக்கறப்ப இதக் கண்டுபிடிச்சவங்க நல்லா இருக்கணும்னு தோணும், கால கட் பண்ண கையோட சும்மா வேற எதையோ தொறந்து, தலை நிமிர்ந்து பாத்தா பொழுது போயிருக்கும், எதுக்கு இந்த எழவெல்லாம்னு வெறுப்பா வரும். ரெண்டும் ஒரே போன்தான், ரெண்டு நெனப்பும் நெஜம்தான்.

யார்கிட்ட சொன்னாலும் ஒண்ணு 'காலத்துக்கு ஏத்த மாதிரி மாறிக்கோ'ம்பாங்க, இல்லன்னா 'எல்லாத்தயும் டெலீட் பண்ணிட்டு நிம்மதியா இரு'ம்பாங்க. ரெண்டுமே எனக்கு சரிப்படல. பேங்க் வேலை, டிக்கெட், டாக்டர் அப்பாயின்ட்மென்ட் எல்லாம் போன்லதான் நடக்குது, ஓடிபி வரணும்னா போன் கையில இருந்துதானே ஆகணும். அதுனால புடிக்காதது எதுன்னு கரெக்டா கண்டுபுடிச்சு அத மட்டும் கழட்டி விடறதுதான் வழி. மொத்தமா 'நெட்டே புடிக்கல'ன்னு நெனச்சுட்டு இருந்தா எங்க கை வைக்கறதுன்னே தெரியாது.

ஒரு பேப்பர் எடுத்து ஆப் பேர எழுதாதீங்க, அதுல நீங்க செய்யற வேலைய எழுதுங்க. ஏன்னா ஒரே ஆப்புக்குள்ள நல்லதும் இருக்கும் இம்சையும் இருக்கும். வாட்ஸப்ல அக்காவோட பேச்சு வேணும், ஆனா யாருன்னே தெரியாதவங்க காலங்காத்தால ஃபார்வேர்டு தட்டி விடற குரூப் வேணாம். யூட்யூப்ல தையல் மெஷின் ரிப்பேர் பாக்கணும், அதுக்கு அடுத்து தானா ஓடற சண்டை வீடியோ வேணாம். 'இது நாளைக்கு இல்லாம போனா எனக்கு கஷ்டமா இருக்குமா, இல்ல முடிச்சதும் எரிச்சலா இருக்கா'ன்னு ஒவ்வொண்ணுக்கும் கேட்டுப் பாருங்க, பெரும்பாலும் பதில் ஒடனே வந்துடும்.

அடுத்து சத்தம். நான் வெச்சுருக்கற கணக்கு ஒண்ணுதான்: ஒரு மனுஷன் எனக்குன்னு எழுதுனா போன் சத்தம் போடலாம், மெஷின் தானா அனுப்பறதுக்கு வாயத் தொறக்கக் கூடாது. 'உங்க நண்பர் ஃபோட்டோ போட்டிருக்கார்', 'இத மிஸ் பண்ணிட்டீங்க', 'ரொம்ப நாளா காணோமே' எல்லாம் மெஷின். அப்படி ஒண்ணு வந்தா தள்ளி விட்டுட்டு போகாதீங்க, ஆண்ட்ராய்டுல அது மேலயே விரல அழுத்தி வெச்சா நிறுத்தற வழி வரும், ஐஃபோன்ல இடப்பக்கம் தள்ளினா ஆப்ஷன்ஸ்னு வரும், அங்கயே முடிச்சுடுங்க. ஆண்ட்ராய்டு 13-க்கு அப்புறம் புது ஆப் எதுவா இருந்தாலும் நோட்டிஃபிகேஷன் அனுப்பலாமான்னு கேட்டுதான் ஆகணும், கண்ண மூடிட்டு வேணாம்னு குடுங்க, தேவைப்பட்டா அப்புறம் போட்டுக்கலாம். பேங்க் மெசேஜ மட்டும் ஆஃப் பண்ணிடாதீங்க, பணம் போனா ஒடனே தெரியணும்.

இப்ப ப்ளூ டிக், அதாவது மெசேஜ படிச்சாச்சுன்னு அனுப்பினவங்களுக்கு காட்டற நீல டிக். 2014 நவம்பர்ல வாட்ஸப்ல இது வந்ததுலேர்ந்து ஒரு மெசேஜ நிதானமா படிக்கறதே போச்சு. படிச்சுட்டோம்னு அவங்களுக்குத் தெரிஞ்சுடுச்சு, இனி பதில் போடணும், போடலன்னா 'பாத்துட்டு சும்மா இருக்கா பாரு'ன்னு வருத்தம் வரும், அதுக்கு பயந்தே மெசேஜ தொறக்காம மேல தெரியற ரெண்டு வரிய மட்டும் படிச்சுட்டு விட்டுடறவங்க எத்தன பேரு. செட்டிங்ஸ், பிரைவசி, ரீட் ரிசீப்ட்ஸ், அங்க ஆஃப் பண்ணிடுங்க. அதுக்கப்புறம் மத்தவங்க படிச்சாங்களான்னு உங்களுக்கும் தெரியாது, அது நியாயம்தானே, எனக்கு அதுவே பாதி நிம்மதி. குரூப்ல மட்டும் இது வேலை செய்யாது, வாய்ஸ் மெசேஜ் கேட்டுட்டீங்கன்னாலும் அவங்களுக்குத் தெரியும். அதே பிரைவசிக்குள்ளயே லாஸ்ட் சீனும் ஆன்லைன்ல இருக்கறதும் யாருக்கும் தெரியாத மாதிரி வெச்சுக்கலாம்.

ஆனா செட்டிங்ஸ மாத்தினா மட்டும் போதாது, இங்கதான் நெறைய பேரு நின்னுடறாங்க. டிக் மறைஞ்சுடும், எதிர்ல இருக்கறவங்க மனசுல இருக்கற கேள்வி மறையாது. 'ஏன்டி பதிலே காணோம், எம்மேல கோவமா'ன்னு சித்தி கேக்கத்தான் செய்வாங்க. அதுனால நெருங்கினவங்களுக்கு முன்கூட்டியே வாயால சொல்லிடணும். நான் சொல்றது இப்படி: 'சித்தி, நான் போன அடிக்கடி பாக்கறதில்ல, ராத்திரி ஒரு தடவ உக்காந்து எல்லாத்துக்கும் பதில் போடுவேன், அவசரம்னா கால் பண்ணுங்க, கண்டிப்பா எடுப்பேன்.' இதுல கடைசி பகுதி முக்கியம். எங்க கெடைக்க மாட்டேன்னு மட்டும் சொன்னா ஒதுங்கற மாதிரி இருக்கும், எங்க கெடைப்பேன்னும் சேத்து சொன்னா யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க. சொன்ன மாதிரி அந்த கால எடுக்கவும் செய்யணும்.

குரூப்புக்கு சுருக்கமா. பிரைவசில குரூப்ஸ்னு இருக்கும், உங்கள யாரு சேக்கலாம்னு அங்க கட்டுப்படுத்திடுங்க. 2022-லேர்ந்து குரூப்ப விட்டு வெளிய வந்தா அட்மினுக்கு மட்டும்தான் அறிவிப்பு போகும், முன்ன மாதிரி 'இன்னார் வெளியேறினார்'னு எல்லாருக்கும் தண்டோரா போடாது. சொந்தக்காரங்க குரூப்ப விட மனசு வரலன்னா ம்யூட் போட்டு ஆர்க்கைவ் பண்ணுங்க, வாரத்துல ஒரு நாள் போயி பாத்தா போதும், உண்மையான சேதின்னா யாராவது கால் பண்ணிடுவாங்க.

எனக்கு ரொம்ப ஆத்திரம் வர்றது இந்த முடிவே இல்லாம கீழ ஓடிட்டே இருக்கற ஃபீடு மேலதான். முன்னல்லாம் ஒரு பக்கம் முடியும், 'அடுத்த பக்கம்'னு ஒரு பட்டன் இருக்கும், அந்த எடத்துல மனசு ஒரு நொடி நின்னு போதுமான்னு கேக்கும். 2006-ல ஏஸா ராஸ்கின்ங்கற டிசைனர் அந்த நிக்கற எடத்த எடுத்துட்டு தானா ஓடற மாதிரி வடிவமைச்சாரு, பின்னாடி அதுக்காக வருத்தப்படறேன்னு அவரே வெளிப்படையா சொல்லிட்டாரு. அதுனால 'எனக்கு மனக்கட்டுப்பாடு இல்ல'ன்னு ஒங்களையே திட்டிக்காதீங்க. செஞ்சவரே வருத்தப்படற விஷயத்துக்கு நாம ஏன் குத்த உணர்ச்சிய சுமக்கணும்.

செய்ய வேண்டியது அந்த நிக்கற எடத்த திரும்ப கொண்டு வர்றதுதான். யூட்யூப்ல வாட்ச் ஹிஸ்டரிய அழிச்சுட்டு அத ஆஃப் பண்ணி வெச்சீங்கன்னா மொத பக்கம் காலியா நிக்கும், என்ன வேணும்னு நீங்களே தேடணும், தேடறதுக்கு ஒண்ணு இல்லன்னா மூடிட்டு வந்துடுவீங்க. ஆட்டோப்ளேவயும் நிறுத்திடுங்க. ஃபேஸ்புக், இன்ஸ்டா மாதிரி ஆப்ப போன்லேர்ந்து தூக்கிட்டு பிரவுசர்ல போயி பாருங்க, முடிச்சதும் லாகவுட் பண்ணுங்க, ஒவ்வொரு தடவையும் பாஸ்வேர்டு அடிக்கணும்னா பாதி நேரம் கை தானா நின்னுடும். ஐஃபோன்லயும் ஆண்ட்ராய்டுலயும் ஸ்க்ரீன கறுப்பு வெள்ளையா மாத்தற வசதி இருக்கு, நிறம் போனதும் அந்த இழுப்பு எனக்கு நல்லாவே கொறஞ்சுது.

முழுசா வெளிய வரணும்னு முடிவு பண்ணிட்டா டீஆக்டிவேட் வேற, டெலீட் வேற. ஃபேஸ்புக்ல டீஆக்டிவேட் பண்ணா பக்கம் மறைஞ்சு இருக்கும், மெசஞ்சர்ல பேசிக்கலாம். டெலீட் குடுத்தா 30 நாள் டைம் தருவாங்க, அதுக்குள்ள லாகின் பண்ணி வேணாம்னு நிறுத்திக்கலாம், அதுக்கப்புறம் திரும்ப வராது. எதுக்கும் முன்னாடி உங்க ஃபோட்டோ எல்லாத்தயும் டவுன்லோடு பண்ணிக்கங்க, பழைய படம் பல பேருக்கு அங்க மட்டும்தான் இருக்கு.

விருப்பமில்லாம யூஸ் பண்றவங்களுக்கு ஏமாந்துடுவோமோன்னு பயமும் கூடவே இருக்கும், அதுல தப்பே இல்ல. வாட்ஸப் அக்கவுண்ட்ல டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன்னு 6 இலக்க பின் போட்டு வெச்சுடுங்க. கூகுள் அக்கவுண்டுக்கும் டூ ஸ்டெப் போட்டுட்டு, அங்க கெடைக்கற பேக்கப் கோடு 10-யும் பேப்பர்ல எழுதி பத்திரமான எடத்துல வைங்க, போன் தொலஞ்சா அதுதான் காப்பாத்தும். ஓடிபிய யார் கேட்டாலும் சொல்லாதீங்க. யாராவது கால்ல அவசரப்படுத்தினா, மெரட்டினா, கட் பண்ணிட்டு உங்களுக்கு ஏற்கெனவே தெரிஞ்ச நம்பருக்கு நீங்களா கூப்புட்டு கேளுங்க.

இன்னொண்ணு, பதிவு போடணும், லைக் போடணும்னு யாருக்கும் கடன் இல்ல. பாத்துட்டு மட்டும் இருக்கலாம். தோழிக்கு பொறந்த நாள்னு போன் காட்டுதா, அங்க நூறோட நூத்தி ஒண்ணா வாழ்த்து எழுதாம அவளுக்கு ஒரு கால் போடுங்க, ஞாபகப்படுத்தற வேலைய மெஷின் செய்யட்டும், பேசறது நாம பேசுவோம்.

இதெல்லாம் ஒரே நாள்ல பண்ண வேணாம், மொதல்ல சத்தம், அப்புறம் ப்ளூ டிக், ஃபீடு பொறுமையா. அப்பப்ப அந்த நோட்டிஃபிகேஷன் லிஸ்ட்ட மட்டும் திரும்ப ஒரு தடவ பாத்துடுங்க, அப்டேட் வரப்ப புதுசா ஏதாவது ஒண்ணு ஆன்ல வந்து உக்காந்துருக்கும்.