செம்மறி வேறு, வெள்ளாடு வேறு: வேல்ஸில் ஆடு வளர்ப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தமிழில் செம்மறியும் ஆடுதான், வெள்ளாடும் ஆடுதான். ஊரில் இரண்டையும் ஒரே பட்டியில் அடைத்து, ஒரே குச்சியால் ஓட்டுவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். வேல்ஸில் 4 ஏக்கர் நிலத்தில் 10 செம்மறியையும் 3 வெள்ளாட்டையும் வாங்கி விட்ட பிறகுதான், அந்த ஒற்றைச் சொல் என்னை எவ்வளவு ஏமாற்றியிருக்கிறது என்று புரிந்தது.

முதலில், ஆடு நக்குவதற்கு வைக்கும் தாது உப்பு வாளி. செம்மறிக்கு ஒன்று, வெள்ளாட்டுக்கு ஒன்று என்று தனித்தனியாக விற்பார்கள். காசு பிடுங்கும் வேலை என்று தோன்றும். இல்லை. வெள்ளாட்டுக்குச் செம்புச் சத்து வேண்டும். அதே அளவு செம்மறிக்கு விஷம். செம்மறியின் ஈரல் செம்பை வெளியேற்றாமல் சேர்த்துக்கொண்டே போகும். மாதக்கணக்கில் ஆடு நன்றாகத்தான் மேயும். ஒருநாள் வண்டியில் ஏற்றுவீர்கள், அந்த அலைச்சலில் ஈரல் சேர்த்ததையெல்லாம் ரத்தத்தில் கொட்டிவிடும். கண்ணிமையை விலக்கிப் பார்த்தால் மஞ்சள், மூத்திரம் டிகாஷன் நிறம். அதற்கு மேல் பெரும்பாலும் பிழைக்காது. டெக்சல் என்ற செம்மறி இனம் இதில் இன்னும் மோசம். இரண்டும் சேர்ந்து மேய்ந்தால் பொதுவில் வைக்க வேண்டியது செம்மறி வாளிதான். வெள்ளாட்டுக்கு உரியதைக் கொட்டிலுக்குள் தனியாகக் கொடுங்கள். பக்கத்தில் பன்றி வளர்த்தால் அதன் தீவனமும் செம்மறி வாயில் படக்கூடாது.

அப்புறம் மழை. இங்கே மழை கொட்டித் தீர்த்துவிட்டுப் போகாது. நாள் முழுக்கத் தூறும். செம்மறியின் கம்பளியில் எண்ணெய்ப் பசை உண்டு, காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றுவிடும். வெள்ளாடு நனைந்தால் நடுங்கும், நிமோனியாவில் கொண்டுபோய் விடும். கொட்டில் போடாமல் வெள்ளாடு வாங்காதீர்கள்.

கம்பளிக்கும் ஒரு வினை உண்டு. மே முதல் செப்டம்பர் வரை பச்சை ஈக் காலம். வாலடியில் சாணி ஒட்டிய கம்பளியில் முட்டையிடும், ஒரே நாளில் புழுவாகித் தோலைத் தின்னத் தொடங்கும். எட்ட நின்று தலையை எண்ணிவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவதுதான் தவறு. விடாமல் வாலை ஆட்டுகிற, காலை உதைக்கிற, கூட்டத்தை விட்டு ஒதுங்குகிற ஆட்டைப் பிடித்துக் கம்பளியை விலக்கிப் பாருங்கள். நான் முதல் தடவை விலக்கியபோது, உலையில் அரிசி கொதிப்பது போல அசைந்தது. அன்று மதியம் சோறு இறங்கவில்லை.

குளம்பிலும் இரண்டுக்கும் வழி வேறு. வெள்ளாட்டுக்கு 6 முதல் 8 வாரத்துக்கு ஒருமுறை நறுக்க வேண்டும். செம்மறி மொத்தத்தையும் வருஷா வருஷம் பிடித்துப்போட்டுச் சீவுவது இங்கே பழைய வழக்கம். இப்போது கால்நடை டாக்டர்கள் வேண்டாம் என்கிறார்கள். குளம்பு அழுகலில் நொண்டும் ஆட்டைச் சீவினால் புண் ஆறுவது தள்ளிப்போகும், கத்தியோடு நோயும் பரவும். அதற்கு டாக்டர் போடும் ஊசிதான்.

குடற்புழு மருந்தில் செம்மறி பாட்டிலில் எழுதியிருக்கும் அளவு பொதுவாக வெள்ளாட்டுக்குப் போதாது. அதன் உடம்பு மருந்தைச் சீக்கிரம் கரைத்துவிடும். அரைகுறையாகக் கொடுத்தால் புழு சாகாமல் மருந்துக்குப் பழகிக்கொள்ளும். அதற்காக நீங்களாகவே அளவைக் கூட்டவும் கூடாது, சில மருந்துகளில் அது உயிருக்கே ஆபத்து.

செம்மறி குனிந்து புல் மேயும், வெள்ளாடு நிமிர்ந்து தழை தேடும். அதனால் வேலிக்கு அப்பால் என்ன வளர்ந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். ரோடோடெண்ட்ரான் என்ற புதர்ச்செடி இங்கே மலைச்சரிவுகளில் மண்டிக் கிடக்கிறது. பூ கொள்ளை அழகு, இலை விஷம். தின்ற ஆடு பச்சை நுரையாக வாந்தி எடுக்கும். யூ மரம் இன்னும் பொல்லாதது, ஒரு கைப்பிடித் தழை போதும்.

நம்மவர்கள் கை தானாகச் செய்யும் தவறு ஒன்று உண்டு: கழுநீரும் காய்கறித் தோலும் ஆட்டுக்கு வைப்பது. பிரிட்டனில் வீட்டுச் சமையலறைக்குள் போய் வந்ததைக் கால்நடைக்குக் கொடுப்பது குற்றம், கேரட் தோலாக இருந்தாலும் சரி. 2001-இல் கோமாரி நோய் பரவி 60 லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகளைக் கொன்றார்கள். பன்றிக்கு வேகவைக்காமல் போட்ட எச்சில் தீனியில்தான் அது தொடங்கியிருக்கும் என்பது விசாரணையின் முடிவு. தோட்டத்தில் பறித்த கோஸ் இலையை நேராகக் கொடுக்கலாம். அடுப்படி வழியாக வரக்கூடாது, அவ்வளவுதான்.

எழுத்து வேலையும் உண்டு. செல்லத்துக்கு ஒரே ஒரு ஆடு வளர்த்தாலும், அது வரும் முன்பே நிலத்துக்குப் பதிவு எண் வாங்கியிருக்க வேண்டும். ஆடு வந்து இறங்கினால் 3 நாளுக்குள் தகவல் தர வேண்டும். பிறகு 6 நாள், அறுப்புக்குத் தவிர, உங்கள் ஆடுகள் வெளியே போகக்கூடாது.

ஒருநாள் செம்மறி ஒன்று மல்லாந்து கிடந்தது. வெயில் காய்கிறது என்று நினைத்துக் கடந்து போனேன்; பக்கத்து நிலத்துப் பெரியவர்தான் கத்திக்கொண்டு ஓடி வந்தார். கம்பளி கனத்த ஆடும் நிறைசினை ஆடும் புரண்டு மல்லாந்தால் தானாக எழ முடியாது. வயிற்றில் வாயு ஏறி நுரையீரலை அழுத்தும், சில மணி நேரத்தில் போய்விடும்; அதற்கு முன்பே காக்கை கண்ணைக் கொத்த வந்துவிடும். புரட்டி நிறுத்தியதும் விட்டுவிடாதீர்கள், தள்ளாடி மறுபடி விழும். கால் ஊன்றும் வரை சில நிமிடம் முழங்காலோடு அணைத்துப் பிடித்துக்கொள்ளுங்கள்.