கடல் தூரத்தில் இருக்கிறது என்று இருந்துவிடாதீர்கள்

"புயலெல்லாம் நாகப்பட்டினத்துக்காரங்களுக்கு. நமக்கென்ன?" ஐப்பசி பிறந்தால் செட்டிநாட்டில் காதில் விழும் பேச்சு இது. நாம் செய்யும் முதல் தவறும் இதுதான். காரைக்குடியிலிருந்து தொண்டிக் கடற்கரை நேர்கோட்டில் 50 கிலோமீட்டர்கூட வராது. 2018 நவம்பர் 16 அதிகாலை நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறிய கஜா புயல், புதுக்கோட்டை மாவட்டத்தைப் புரட்டிப்போட்டுவிட்டு, திண்டுக்கல் வழியாகக் கேரளம் வரை போனது. கீரமங்கலம் பக்கம் தலைமுறை கண்ட பலா மரங்கள் வேரோடு சாய்ந்து கிடந்தன. காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொண்டதால்தான் உள்நாட்டுக்கு வந்து உயரமான மேடை போட்டு வீடு கட்டினோம் என்று சொல்லும் ஊர் இது. அந்தப் பயம் நமக்கு மட்டும் எப்படி விட்டுப்போனது?

அடுத்த தவறு, கரண்டை நம்பித் தண்ணீரை விடுவது. கஜாவுக்குப் பின் பல ஊர்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. எங்கள் வளவில் நல்ல கிணறு இருந்தது, உருளையும் இருந்தது. மோட்டார் போட்டபின் கயிறும் வாளியும் எங்கே போயின என்று யாருக்கும் தெரியவில்லை. பக்கத்து வீட்டு ஆச்சி பரணிலிருந்து எடுத்துத் தந்த பழைய தேங்காய்நார்க் கயிற்றில்தான் எங்கள் தெருவே நீர் இறைத்தது. புயல் அறிவிப்பு வந்ததும் தொட்டியை நிரப்புங்கள், செல்போனைச் சார்ஜ் போடுங்கள், கயிறு இற்றுப்போகாமல் இருக்கிறதா என்று இழுத்துப் பாருங்கள். ஜெனரேட்டர் வாடகைக்கு எடுத்தால் வீட்டுக் கூடமான பட்டாசாலையில் வைத்து ஓட்டவே கூடாது. அதன் புகையில் வாசனை தெரியாத விஷவாயு உண்டு. தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும்.

காற்று சட்டென்று நின்றால் புயல் முடிந்தது என்று வெளியே ஓடாதீர்கள். அது புயலின் கண்ணாக இருக்கலாம். கண் கடந்ததும் எதிர்த்திசையிலிருந்து காற்று அடிக்கும். முன்பு ஆட்டம் கண்ட மரமும் தகரமும் அப்போதுதான் விழும். அறுந்து கிடக்கும் கம்பியில் கரண்ட் இருப்பதாகவே நினைத்து விலகி நில்லுங்கள்.

மழைக்கு வருவோம். கண்மாய்க்கு வரும் வரத்துக்காலை மண் கொட்டி மேடாக்கி வீட்டுமனை போட்டால் தண்ணீர் தன் பழைய வழியைத் தேடி வீட்டுக்குள்தான் வரும். மீன் போய்விடும் என்று, கண்மாய் நிறைந்தால் மிச்ச நீர் வெளியேறும் கலுங்கில் வலை கட்டுவது அதைவிட மோசம். செத்தை அடைத்தால் நீர் கரைமேல் ஏறும், கரை உடையும். பெருகிய கண்மாயை வேடிக்கை பார்க்கக் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு கரையில் நிற்பவர்களைப் பார்த்தாலே எனக்குப் பதறுகிறது.

இடிக்குப் பயந்து புளியமரத்தடியில் ஒதுங்குவதும் தவறுதான். மின்னலுக்கும் இடிக்கும் நடுவே 30 நொடிக்குக் குறைவாக இருந்தால் அது பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது. உடனே கட்டடத்துக்குள் போங்கள். கடைசி இடி கேட்டபின் 30 நிமிடம் கழித்து வயலுக்குப் போனால் போதும்.

பூட்டிக்கிடக்கும் பெரிய வீடுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். சுவரிடுக்கில் முளைக்கும் அரசங்கன்றை வேர் பிடிக்குமுன் பிடுங்காமல் விட்டால் மழைநீர் அந்த வெடிப்பில் இறங்கிச் சுவரையே பிளக்கும். முற்றத்துத் தண்ணீர் வெளியேறும் துவாரத்தில் சருகு அடைத்தால் வளவே குளமாகிவிடும். சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பவர்கள் புரட்டாசிக்குள் ஆள்விட்டு இரண்டையும் சுத்தம் செய்துவிடுங்கள். சாவி யாரிடம் இருக்கிறது என்பதைப் பக்கத்து வீட்டாரிடம் சொல்லி, உங்கள் நம்பரையும் கொடுத்து வையுங்கள். மாவட்டப் பேரிடர் உதவி எண் 1077.