புது ஆர்பிஜி கேமை முதல் 2 மணி நேரத்தில் எடைபோட
கம்ப்யூட்டர் கேம் விற்கும் ஸ்டீம் தளத்தில் ஆர்பிஜி (ஒரு கேரக்டராக மாறிக் கதைக்குள் ஆடும் கேம்) வாங்கினால், ஆரம்பத்தில் வரும் முக்கியமான உரையாடலுக்கு முன் சேவ் செய்யுங்கள். ஒரு பதிலைச் சொல்லிப் பாருங்கள்; அப்புறம் அதே சேவ் ஃபைலை லோடு செய்து நேரெதிரான பதிலைச் சொல்லுங்கள். இரண்டுக்கும் எதிரில் நிற்பவர் ஒரே வரியைப் பேசி, ஒரே சண்டைக்கு இழுத்துப்போனால் உங்கள் முடிவுக்கு அங்கே பெரிய மதிப்பில்லை. வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால் ஸ்டீம் பணத்தைத் திருப்பித் தரும். கேரக்டரின் மூக்கையும் முடியையும் திருத்தும் நேரமும் இதில் சேரும், அதைச் சட்டென்று முடித்துவிடுங்கள்.

டார்க் சோல்ஸ் போல, தானாக மட்டுமே சேவ் ஆகும் கேம்களுக்கு இந்தச் சோதனை ஒத்துவராது. தி விட்சர் 3-இல் சில முடிவுகளின் பலன் பல மணி நேரம் கழித்துத்தான் தெரியும். கதை ஒரே பாதையில் போகும் ஜப்பானிய ஆர்பிஜிகளைச் சண்டை முறையை வைத்துப் பார்ப்பதே சரி.