மரக் கோட்டுருவைக் கூறு போடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோட்டுரு என்பது முனைகளும் அவற்றை இணைக்கும் விளிம்புகளும் கொண்ட அமைப்பு. எல்லா முனைகளும் இணைந்த, சுழற்சியே இல்லாத கோட்டுருவுக்கு மரம் என்று பெயர். எந்த விளிம்பை வெட்டினாலும் அது சரியாக இரண்டாகும். பத்துக் கூறுகள் வேண்டுமென்றால் ஒன்பது வெட்டுகள் போதும். வேலை இவ்வளவு சுலபமாகத் தெரிவதால், எந்த அளவுகோலுக்காக வெட்டுகிறோம் என்பதை முடிவு செய்யாமலே பலர் கத்தியை எடுத்துவிடுகிறார்கள். பெரும்பாலான தவறுகள் அங்கிருந்துதான் கிளைக்கின்றன.

முதலில், கையில் இருப்பது மரம்தானா? விளிம்புகளின் எண்ணிக்கை முனைகளைவிட ஒன்று குறைவு என்று கண்டதும் திருப்தியடையக் கூடாது. ஒரு முக்கோணமும் தனியே ஒரு முனையும் இருந்தால் முனைகள் 4, விளிம்புகள் 3; ஆனால் அது மரமல்ல. எல்லா முனைகளும் இணைந்திருக்கின்றனவா என்றும் சோதிக்க வேண்டும். அடுத்து, விளிம்பின் எடை தொலைவைக் குறிக்கிறதா, ஒற்றுமையைக் குறிக்கிறதா? தொலைவென்றால் பெரிய எடையை வெட்ட வேண்டும், ஒற்றுமையென்றால் சிறிய எடையை. தலைகீழாகச் செய்தாலும் நிரல் எந்தப் பிழையும் காட்டாது. பார்வைக்கு ஒழுங்கான கொத்துகளையே தந்துவிடும். அதுதான் ஆபத்து.

மினிமம் ஸ்பேனிங் ட்ரீயை, அதாவது எல்லா முனைகளையும் மிகக் குறைந்த மொத்த நீளத்தில் இணைக்கும் மரத்தை எடுத்து, அதில் மிக நீளமான விளிம்புகளை வெட்டுவது பரவலான வழக்கம். இப்படிக் கிடைப்பவை ஒற்றை இணைப்புக் கொத்துகளே (மிக அருகில் உள்ள இரு புள்ளிகளின் தொலைவை மட்டும் பார்த்துக் கொத்துகளைச் சேர்ப்பவை) என்பதை கோவரும் ராஸும் 1969இல் விளக்கினார்கள். கொத்துகளுக்கு இடையிலான மிகக் குறைந்த இடைவெளியை முடிந்தவரை பெரிதாக்குவதுதான் நோக்கமென்றால், இதைவிடச் சிறந்த விடை கிடையாது. ஆனால் கொத்தின் அளவைப் பற்றி இந்த முறைக்குக் கவலையே இல்லை. ஒதுங்கி நிற்கும் நாலைந்து புள்ளிகள் ஆளுக்கொரு கொத்தாகிவிடும்; மீதி அனைத்தும் ஒரே குவியலாகக் கிடக்கும். உடனே அல்காரிதம் சரியில்லை என்பார்கள். கேட்டதைத்தான் அது கொடுத்தது.

அளவுதான் முக்கியமென்றால் அதற்கெனவே வழிகள் உண்டு. எந்தக் கூறிலும் முனைகளின் மொத்த எடை ஒரு குறிப்பிட்ட வரம்பைத் தாண்டக் கூடாது, வெட்டுகளும் மிகக் குறைவாக இருக்க வேண்டும் என்றால், ஒரு முனையை வேராக வைத்து, இலைகளிலிருந்து (ஒரே விளிம்பு உள்ள நுனி முனைகள்) மேலேறி வாருங்கள். எடை வரம்பை மீறும் முனையில், வரம்புக்குள் வரும்வரை மிகக் கனமான கிளையாகப் பார்த்து வெட்டிக்கொண்டே போக வேண்டும். குந்து, மிஸ்ரா ஆகியோர் 1977இல் தந்த இந்த எளிய முறை மிகச் சிறந்த விடையைத் தருவது நிரூபிக்கப்பட்டது. மிகச் சிறிய கூறினை முடிந்தவரை பெரிதாக்க வேண்டுமென்றால், பெர்லும் ஷாக்கும் 1981இல் தந்த, வெட்டுகளை வேரிலிருந்து கீழே நகர்த்தும் முறை இருக்கிறது. இவை இருக்க, பொதுக் கோட்டுருக்களுக்கான தோராய முறைகளை மரத்தின் மீது ஏவுவது வீண்.

இங்கே இன்னொரு குழப்பமும் வரும். ஒவ்வொரு மரத்திலும் ஒரு மையமுனை உண்டு. அதை நீக்கினால் மிஞ்சும் எந்தத் துண்டும் பாதியைத் தாண்டாது. இதைப் படித்துவிட்டு, ஒரு விளிம்பை வெட்டினாலும் மரம் ஏறத்தாழப் பாதியாகும் என்று எதிர்பார்ப்பது தவறு. நட்சத்திர வடிவ மரத்தில் நடுவில் ஒரு முனை, சுற்றிலும் ஒன்பது இலைகள் என்று வையுங்கள். எந்த விளிம்பை வெட்டினாலும் 1, 9 என்றுதான் பிரியும். கூறுகள் இணைந்திருக்க வேண்டியதில்லை, சமமாக இருந்தால் போதும் என்று நிபந்தனையைத் தளர்த்தினால் இரு கூறு வரை பிரச்சினையில்லை. ஆனால் எத்தனை கூறுகள் வேண்டுமானாலும் கேட்கலாம், வெட்டுகளும் மிகக் குறைவாக வேண்டும் என்றால், மரத்திலும்கூட அது என்.பி. கடினம், அதாவது வேகமான தீர்வுமுறை எதுவும் அறியப்படாத வகை.

படிநிலைக் கொத்தாக்கத்தில் மிக அதிகமாகக் காணும் தவறு, டெண்ட்ரோகிராமின் (கொத்துகள் படிப்படியாகப் பிரிவதைக் காட்டும் கிளைப்படம்) எல்லா மட்டங்களும் சிறந்த பிரிப்பைத் தரும் என்ற நம்பிக்கை. ஆறு சம எடை முனைகள் ஒரே வரிசையில் இணைந்திருக்கின்றன. இரண்டாகப் பிரிக்கச் சிறந்த இடம் நடு விளிம்பு: 3, 3. மூன்றாகப் பிரிக்கச் சிறந்தது 2, 2, 2. அதற்கு இரண்டாவது, நான்காவது விளிம்புகளை வெட்ட வேண்டும். நடு விளிம்பு அதில் சேரவே சேராது. முதலில் நடுவில் வெட்டியவருக்கு அடுத்துக் கிடைப்பது 3, 2, 1 மட்டுமே. ஸ்பேனிங் ட்ரீயைப் படிப்படியாக வெட்டி நிலப்பகுதிகளைப் பிரிக்கும் ஸ்கேட்டர் போன்ற முறைகளுக்கும் இந்த வரம்பு உண்டு. படிநிலை தேவையென்றால் இந்த இழப்பை ஏற்க வேண்டியதுதான். தேவையில்லை என்றால், எத்தனை கூறுகள் என்று முடிவு செய்து, டைனமிக் புரோகிராமிங்கில் (சிறு பகுதிகளின் விடைகளைச் சேமித்து, அவற்றிலிருந்து முழு விடையைக் கட்டும் முறை) நேராகக் கணக்கிடுவதே நல்லது.

மாடுலாரிட்டி என்பது, கொத்துகளுக்குள் விழும் விளிம்புகளின் பங்கு தற்செயலாக எதிர்பார்க்கக்கூடியதைவிட எவ்வளவு அதிகம் என்ற அளவு. அந்த மதிப்பைக் காட்டி, கொத்துகள் அருமையாக வந்திருக்கின்றன என்று சொல்பவர்களிடம் கவனமாக இருங்கள். 10,001 முனைகளை ஒரே சங்கிலியாகக் கோத்து, ஏறத்தாழச் சமமான 100 துண்டுகளாக வெட்டுங்கள். வெட்டிய 99 விளிம்புகளால் 1இலிருந்து ஏறத்தாழ 0.01 குறையும், எதிர்பார்ப்புக்கான கழிவாக இன்னொரு 0.01, மதிப்பு 0.98. அந்தச் சங்கிலியில் கொத்து என்று சொல்ல எதுவுமே இல்லை. மரங்களில் இந்த எண் இயல்பாகவே உயரும். அது எதற்கும் சாட்சியாகாது. கிர்வன்–நியூமன் முறையும் இப்படித்தான். குறுக்குவழிகள் மிக அதிகமாகக் கடந்துபோகும் விளிம்பை, அதாவது இடைமை மிகுந்த விளிம்பை, அது முதலில் வெட்டும். மரத்தில் ஒரு விளிம்பின் இடைமை என்பது, வெட்டினால் இருபக்கமும் விழும் முனைகளின் எண்ணிக்கைகளைப் பெருக்கினால் வருவது. ஆகவே அந்த முறை விளிம்பின் எடையைப் பொருட்படுத்தாமல், சமமாகப் பிரிக்கும் இடத்தையே தேடும். அதற்குப் பெரிய நூலகம் எதற்கு? கிளைமரங்களின் அளவை ஒருமுறை எண்ணினால் போதும்.

நிரல் எழுதும்போது இரண்டு விஷயங்கள். டைனமிக் புரோகிராமிங்கில் கிளைகளை இணைக்கும் சுழல்களை, கிளையில் உண்மையில் உள்ள முனைகளின் எண்ணிக்கையோடு நிறுத்துங்கள். 1,00,000 முனைகளுக்கும் 100 கூறுகளுக்கும் 100 கோடிப் படிகள் போக வேண்டிய கணக்கு சுமார் 1 கோடியில் முடியும். மற்றொன்று, ஒரு செயற்கூறு தன்னையே திரும்பத் திரும்ப அழைக்கும் ரிகர்ஷன். பைத்தானில் அதன் இயல்பு வரம்பு 1,000. நீண்ட சங்கிலி ஒன்று வந்தால் நிரல் அங்கேயே விழுந்துவிடும். வரம்பை உயர்த்திச் சமாளிப்பதைவிட, முனைகளை வேரிலிருந்து தொடங்கி முதலிலேயே வரிசைப்படுத்திக்கொண்டு, பின்னாலிருந்து ஒரு சாதாரணச் சுழலில் நடந்து வருவது பாதுகாப்பு.