அட்லாண்டிக் சிட்டி மேயர் ஒருவரை எடைபோடுவது எப்படி

நியூ ஜெர்சியில் இருக்கும் நம்மவர்கள் அட்லாண்டிக் சிட்டி பற்றிப் பேச ஆரம்பித்தால், ரெண்டாவது நிமிடமே "அந்த ஊர் மேயர்கள் எல்லாரும் திருடர்கள்" என்று முடித்துவிடுகிறார்கள். கோபம் நியாயம்தான். ஆனால் கஷ்டப்படும் ஒரு கடற்கரை ஊரை நாலு வருஷம் தூக்கிச் சுமந்தவரின் கணக்கை அப்படி ஒரே வரியில் தீர்த்துவிட முடியாது.

முதலில் பணம் யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள். 1978 இல் முதல் கேசினோ திறந்ததிலிருந்தே ஊரில் பணம் கொட்டுகிறது என்று எல்லோரும் நினைக்கிறார்கள், ஆனால் கேசினோக்களின் சூதாட்ட வருமானத்தின் மேல் விழும் 8 சதவீத வரி மாநிலத்துக்குத்தான் போகிறது, நகராட்சி பெரும்பாலும் சொத்து வரியை நம்பியே ஓடியது. 2014 இல் ஒரே வருஷத்தில் நாலு கேசினோக்கள் மூடின. அதில் ரெவெல், 2.4 பில்லியன் டாலர் போட்டுக் கட்டியது, திறந்து ரெண்டரை வருஷம்கூட ஓடவில்லை. மூடாமல் நின்றவையும் சும்மா இருக்கவில்லை. "எங்கள் கட்டடம் நீங்கள் சொல்லும் மதிப்புக்குப் போகாது, வாங்கிய வரியைத் திருப்பித் தா" என்று வழக்குப் போட்டன. போர்காட்டா என்ற கேசினோவுக்கு மட்டும் 165 மில்லியன் டாலர் பாக்கி என்று ஆகி, 2017 இல் 72 மில்லியனுக்குப் பேசி முடித்தார்கள். டான் கார்டியன் மேயராகப் பதவியேற்ற அதே 2014 ஜனவரியில்தான் அந்த நாலில் முதல் கேசினோ மூடியது. அவர் செய்ததையும், அவர் வருவதற்கு முன்பே வாசலில் வந்து நின்றதையும் தனித்தனியாக எழுதி வையுங்கள்.

அப்புறம் அதிகாரம். 2016 நவம்பரில் மாநில அரசே நகராட்சி நிர்வாகத்தைக் கையில் எடுத்துக்கொண்டது. அதற்குப் பிந்தைய எந்த மேயரையும் பாராட்டினாலும் திட்டினாலும், அந்த முடிவு அவருடையதா, தலைநகர் டிரென்டனில் எடுத்ததா என்று ஒரு தடவை கேளுங்கள்.

அதற்காக மேயரால் ஒன்றுமே முடியாது என்றும் இல்லை. கடற்கரை நெடுக மரப்பலகை பாவிய நடைபாதை, போர்டுவாக் என்பார்கள், அதன் ஓரத்தில் மூடிக்கிடந்த டிரம்ப் பிளாசா கேசினோ கட்டடம் பாழடைந்து நின்றது, சுவரிலிருந்து துண்டுகள் பெயர்ந்து விழுந்தன. மார்ட்டி ஸ்மால் 2019 இல் மேயர் பொறுப்புக்கு வந்து, அதை இடித்தே ஆகவேண்டும் என்று விடாமல் நின்றார். 2021 பிப்ரவரி 17 அன்று வெடிவைத்துச் சாய்த்தார்கள். இந்த மாதிரி விடாப்பிடி எங்கே இருந்தது என்று தேடுங்கள், மதிப்பெண் அதற்குத்தான்.

ஊழலை இந்தக் கணக்கோடு கலக்கவே கூடாது. மேயர் ஃபிராங்க் கிலியம், பிள்ளைகளின் கூடைப்பந்துக் கிளப்பிலிருந்து சுமார் 87,000 டாலர் எடுத்ததை ஒப்புக்கொண்டு 2019 அக்டோபரில் பதவி விலகினார். ஊரில் காசில்லை, மாநிலம் கழுத்தைப் பிடிக்கிறது என்பதெல்லாம் இதற்குச் சமாதானம் ஆகாது. 1984 இல் மேயர் மைக்கேல் மேத்யூஸை மக்களே ஓட்டுப்போட்டுப் பதவியிலிருந்து இறக்கினார்கள், பிறகு அவர் மிரட்டிப் பணம் வாங்கியதை ஒப்புக்கொண்டு சிறைக்குப் போனார். ஆனால் அதே நாற்காலியில் ஜிம் வீலனும் இருந்தார், பள்ளி ஆசிரியர், 1990 முதல் 2001 வரை மேயர், பின்னால் மாநில செனட்டர். "எல்லாரும்" என்று சொல்லும்போது அவரையும் சேர்த்துத்தான் சொல்கிறோம்.

கடைசியாக, ஊருக்கு நேரில் போங்கள், ஆனால் ஜூலையில் வேண்டாம், பிப்ரவரியில் போங்கள். போர்டுவாக்கை விட்டு உள்ளே ரெண்டே தெரு, பசிபிக் அவென்யூ, அட்லாண்டிக் அவென்யூ. பழைய தங்கம் வாங்கும் கடைகளின் போர்டு கண்ணில் படும், சரி, ஒரு முழு சூப்பர்மார்க்கெட் எங்கே என்று கேட்டுப் பாருங்கள். சுமார் 38,000 பேர் வாழும் ஊரில் பதினைந்து வருஷத்துக்கு மேல் அப்படி ஒரு கடை இல்லாமலே ஓட்டினார்கள். காய்கறி வாங்கப் பக்கத்து ஊருக்குப் போய், கையில் பையோடு கடல்காற்றில் பஸ்ஸுக்கு நிற்பவரிடம் மேயரைப் பற்றிக் கேளுங்கள்.