சென்னை வீட்டுக்குப் புவிவெப்பக் குளிரூட்டல் பொருந்துமா? முடிவெடுக்கும் முறை

நிலத்தடியில் குழாய் பதித்து வீட்டைக் குளிரூட்டும் புவிவெப்ப முறையைச் சென்னையில் அமைக்க எண்ணுபவர்கள், விலையை விசாரிக்கும் முன்பே தங்கள் காலடி மண்ணின் வெப்பநிலையை அறிந்துகொள்வது நல்லது. சாதாரண ஏசி, அறையின் வெப்பத்தை அவுட்டோர் யூனிட் வழியாக வெளிக்காற்றில் தள்ளுகிறது. புவிவெப்ப முறையோ அதே வெப்பத்தைப் புதைகுழாய்களில் ஓடும் நீர் வழியாக மண்ணில் சேர்க்கிறது. சுமார் 30 அடிக்குக் கீழே மண்ணின் வெப்பநிலை, அந்த ஊரின் ஆண்டுச் சராசரிக் காற்று வெப்பநிலையை ஒட்டி ஏறக்குறைய மாறாமல் இருக்கும். குளிர்நாடுகள் பலவற்றில் அது 10 முதல் 15 டிகிரி செல்சியஸ். சென்னையிலோ 28, 29 டிகிரி.

ஆகவே முதலில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி, உங்கள் வீட்டில் ஏசி எந்நேரம் ஓடுகிறது என்பதுதான். அக்கினி நட்சத்திரப் பகலில் வெளிக்காற்று 38, 40 டிகிரியைத் தொடும்போது மண் பத்து டிகிரி குளிர்ச்சியாக இருப்பது உண்மையான ஆதாயமே. ஆனால் பெரும்பாலான வீடுகளில் ஏசி ஓடுவது இரவில், படுக்கையறையில். அந்நேரம் வெளிக்காற்றும் 30 டிகிரிக்கு அருகில் இறங்கிவிடுவதால் மண்ணுக்கும் காற்றுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. குழாய்களில் நீரைச் சுற்றவிடும் பம்ப்புக்கான மின்சாரம் மட்டும் கூடுதல் செலவாகிறது.

இன்னொரு சிக்கலை விற்பனையாளர்கள் அவ்வளவாகப் பேசுவதில்லை. குளிர்நாட்டில் கோடையில் மண்ணுக்குள் சென்ற வெப்பத்தைக் குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்க எடுத்துவிடுவார்கள். நமக்கு அந்தத் தேவையே இல்லாததால், வெப்பம் ஒரே திசையில் இறங்கிக்கொண்டேயிருந்து, குழாய்களைச் சுற்றிய மண் ஆண்டுக்கு ஆண்டு சூடேறி, முறையின் திறன் குறைகிறது. நாள் முழுவதும் வெந்நீர் தேவைப்படும் விடுதிக்கும் மருத்துவமனைக்கும் இது தடையாகாது. வெப்பத்தின் ஒரு பகுதியை அங்கே வெந்நீராகவே பயன்படுத்திவிடலாம்.

இடமும் மண்ணும் அடுத்தவை. ஒரு டன் குளிரூட்டலுக்குக் குழாய் இறக்க 150 முதல் 300 அடி வரை ஆழத்துளை வேண்டும் என்பது பொதுக்கணக்கு. நம் மண் வெதுவெதுப்பானது என்பதால் அதிகப் பக்கமே கொள்ள வேண்டும். துளைகளுக்கிடையே 15 முதல் 20 அடி இடைவெளியும் தேவை. அரை கிரவுண்டில் கட்டிய வீட்டைச் சுற்றி அதற்கு இடமிருக்காது. அடுக்குமாடிக் குடியிருப்பில் நிலம் தனியொருவருடையதே அல்ல. பெசன்ட் நகர், திருவான்மியூர் போன்ற கடலோர மணலில் துளை சரிந்துவிடாதபடி கேசிங் எனும் காப்புக்குழாய் இறக்க வேண்டும். பல்லாவரம், பரங்கிமலைப் பக்கம் பாறையைக் குடைய வேண்டும். நீர் தோய்ந்த மணல் வெப்பத்தை நன்றாகக் கடத்தும். கோடையில் நீர்மட்டம் இறங்கிக் காய்ந்துவிட்டாலோ, குளிர்ச்சி மிகவும் தேவைப்படும் மாதங்களிலேயே கடத்தும் திறன் குறையும். நிலத்தடி நீரையே மேலேற்றிக் குளிரூட்டும் திறந்த முறையை, 2019இன் தண்ணீர்ப் பஞ்சத்தைக் கண்ட நகரில் எவருக்கும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மண்ணில் புதைத்த குழாய் வழியே வெளிக்காற்றை இழுத்து அறைக்குள் விடும் எளிய முறையும் உண்டு. டெல்லியின் வறண்ட கோடைக்கு அது பொருந்தும். இங்கோ 28 டிகிரி மண்ணில் கோடைக் காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் நீராகப் படிந்து பிரியாததால், புழுக்கம் அப்படியே இருக்கும்.

பிறகு ஈ.பி. கணக்கைப் பாருங்கள். ஏசி ஓடாத டிசம்பர், ஜனவரி ரீடிங்கையும் மே, ஜூன் ரீடிங்கையும் ஒப்பிட்டால் வரும் வேறுபாடே ஏறத்தாழ ஏசியின் பங்கு. ஆண்டுக்கு அது 1,800 யூனிட் என்றும், புவிவெப்ப முறை அதில் 30 சதவீதத்தை மிச்சப்படுத்தும் என்றும், யூனிட்டுக்கு 10 ரூபாய் என்றும் தாராளமாக வைத்தாலும், மிச்சம் 5,400 ரூபாய்தான். துளை, குழாய், இயந்திரம் என லட்சங்களில் போகும் முதலீடு அந்தத் தொகையில் திரும்பாது. மொட்டை மாடியில் வெண்ணிறக் குளிர் ஓடு பதிப்பது, மேற்குச் சுவருக்கு நிழல் தருவது, ஐந்து நட்சத்திர இன்வெர்ட்டர் ஏசி வாங்குவது ஆகியவற்றை முதலில் செய்து முடியுங்கள்.

விசாலமான மனையில், பகலெல்லாம் ஏசி ஓடும் தனிவீடு உங்களுடையது என்றால், ஒப்பந்தத்துக்கு முன் ஒரு சோதனைத் துளையிட்டு மண்ணின் வெப்பக் கடத்துதிறனை அளக்கச் சொல்லுங்கள். இருபதாவது ஆண்டில் குழாய் நீரின் வெப்பநிலை என்னவாக இருக்கும் என்ற கணக்கையும் எழுத்தில் கேளுங்கள். இவ்விரண்டையும் தரத் தயங்கும் நிறுவனத்திடம் முன்பணம் கொடுக்க வேண்டாம்.